ஜன்னலார் சொன்ன மீதி

கிசில்-தோபோ, கோச்கோர் வட்டம்
11 பிப்ரவரி 2008

மார்லென் தம்பிக்கு,

நலம்தானே? பிள்ளைகள் நலமா, ஆடு மாடு நலமா என்று கேட்பதுதான் வழக்கம். பிஷ்கெக்கில் உங்களுக்கு ஆடு மாடு ஏது? கார் நலமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கலிச்சா. 2005 கோடையில் நான்கு ஆட்களோடு வந்து ஐந்து நாள் எங்கள் வீட்டில் தங்கினீர்களே, அந்த வீட்டுக்காரி. என் மூத்தாரை, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனை, நீங்கள் கேள்வி கேட்டுக் கேட்டுக் காமிராவில் பதிந்தபோது அடுப்படியில் கறி வேகவைத்துக்கொண்டிருந்தவள். அவருக்கு மூன்று வயதுக் காய்ச்சலில் கையும் காலும் போய்விட்டன. வாயில் தூரிகையைக் கவ்வி மலைகளை வரைந்தார். அந்த நவம்பரில் இறந்தார். நீங்கள் அடக்கத்துக்கு வரவில்லை, சரி, பனி அதிகம்.

அவர் கதையை நடிகர்களை வைத்துப் படமாக எடுத்து வெளிநாட்டில் பரிசெல்லாம் வாங்கினீர்கள் என்று கேள்விப்பட்டு சந்தோஷப்பட்டேன். போன இலையுதிர் காலத்தில் என் மகன் எர்மெக் நகரத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தான். வந்து இரண்டு நாள் கொட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் கேட்டான்: "அம்மா, பெரியப்பாவ நீ கொட்டில்ல பூட்டி வச்சியா?"

படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். தம்பி பொண்டாட்டி என்று ஒருத்தி வருகிறாளாம். அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் "ஜன்னல்ல கெடக்கறது" என்கிறாளாம். அவள் நான்தானே? எங்கள் வீட்டில் தம்பி பொண்டாட்டி வேறு யார்?

நகரத்துச் சினிமாக் கொட்டகையோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இப்போது அது வீட்டில் போட்டுப் பார்க்கிற வட்டாக வரப்போகிறது என்கிறார்கள். வட்டு வந்தால் வீட்டுக்கு வீடு வரும். எர்மெக்குக்குப் பெண் பார்த்து, காதில் தோடும் போட்டு நிச்சயம் செய்தாகிவிட்டது. மே மாதம் கல்யாணம். அந்த ஒரு காட்சியை எடுத்துவிட்டு வட்டை விடுங்கள். உங்கள் பரிசுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் அக்கா
கலிச்சா


பிஷ்கெக்
22 பிப்ரவரி 2008

மதிப்பிற்குரிய கலிச்சா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் போட்ட கறியையும் கெட்டிப் பாலாடையையும் என் ஆட்கள் இன்றும் பேசுகிறார்கள்.

மகன் சொன்னதை வைத்து மனம் வருந்த வேண்டாம். படத்தில் வருபவள் நீங்கள் இல்லை. அவள் பெயர் வேறு, ஊர் வேறு. ஒரு கலைஞன் தன் வீட்டுக்குள்ளேயே அந்நியனாக வாழ்ந்ததைக் காட்ட எனக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. வாழ்க்கையை அப்படியே எடுத்தால் அது படம் ஆகாது, அக்கா.

ஆனாலும் நான் காற்றில் இருந்து எதையும் பிடிக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். தெமிர்பெக் அண்ணனே காமிராவுக்கு முன் சொன்னார். நாடா என்னிடம் இருக்கிறது. "இந்த வீட்டுல ஒருத்தி இருக்கா. முப்பத்து நாலு வருஷமா என் பேரை ஒரு தடவகூடச் சொன்னதில்ல." அந்த வாக்கியத்தில் இருந்துதான் என் படமே பிறந்தது. அவர் மனதில் இருந்த காயத்தை நான் மறைக்க முடியாது அல்லவா?

நீங்கள் பழைய முறையில் வளர்ந்தவர் என்று தெரியும். என் அம்மா பள்ளி ஆசிரியை. மாமனாரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் அப்படி வளர்ந்தவன்.

வட்டு மார்ச் கடைசியில் வருகிறது. அச்சுக்குப் போய்விட்டது. மன்னிக்கவும்.

அன்புடன்
மார்லென்


கிசில்-தோபோ
4 மார்ச் 2008

மார்லென்,

இனி உன்னை நீ என்றுதான் எழுதுவேன். என் ரஜாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியவன்தானே.

உன் அம்மா மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது உன் வீட்டுப் பாடு. வீட்டுக்கு வந்த மருமகள் புருஷனுக்கு மூத்தவர்களின் பெயரை வாயில் எடுக்கமாட்டாள். இது உனக்குத் தெரியாதா? கிர்கிஸ்காரன்தானா நீ? மாமனார் பெயரையும் நான் சொன்னதில்லை, மாமியார் பெயரையும் சொன்னதில்லை. எழுதவும் கை வராது. மூத்தாரின் பெயருக்குள் கொல்லன் பட்டறைச் சாமான் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லமாட்டேன். கடையில் போய் "அந்தக் கறுப்புக் கம்பி குடு" என்பேன். கடைக்காரன் வேண்டுமென்றே "எது, எது?" என்று கேட்டுச் சிரிப்பான். ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்ததால் அவருக்கு நான் வைத்த பெயர் ஜன்னலார். அவருக்கு அது பிடிக்கும். சில படங்களின் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் போட்டிருக்கிறாரே, பார்த்ததில்லையா? நீ எங்கே பார்த்தாய்!

பூட்டியதைப் பற்றிச் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒரே தடவை பூட்டினேன், அதுவும் கொட்டிலில் இல்லை, வீட்டில். வைக்கோல் அறுப்பு, வீட்டில் யாரும் இல்லை, ஊரில் வெறிநாய் சுற்றியது. வெளியே தாழ் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வர நேரமாகிவிட்டது, அவர் நனைந்து கிடந்தார். அன்று அவர் என்னைத் திட்டிய திட்டு இந்த மலைக்கே கேட்டிருக்கும். நானும் திட்டினேன். சாயத் தண்ணீரை என் மாவுச் சட்டியில் துப்பியவர்தானே அவர். இதெல்லாம் உண்மை. இதைப் படத்தில் போட்டிருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேன்.

ஆனால் அவர் அப்படிச் சொன்னாரா? முப்பத்து நாலு வருஷமாக என் பெயரைச் சொல்லவில்லை என்று? எந்தக் குரலில் சொன்னார்? கோபமாகவா?

அவ்வப்போது என்னிடம் கேட்பார். "கலிச்சா, ஒரு தடவ என் பேரச் சொல்லேன். யாரும் இல்ல, கேக்க மாட்டாங்க." நான் சிரித்துக்கொண்டே பால் கறக்கப் போய்விடுவேன். கடைசியாக அவர் போவதற்கு நான்கு நாள் முன்னால் கேட்டார். அப்போதும் சிரித்தேன். வம்புக்குக் கேட்கிறார் என்றல்லவா நினைத்தேன்? உன் கடிதம் வந்ததில் இருந்து அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன்.

கலிச்சா


பிஷ்கெக்
15 மார்ச் 2008

அன்புள்ள கலிச்சா அக்கா,

நீங்கள் திட்டியது நியாயம். தெமிர் என்றால் இரும்பு, அந்தச் சொல்லைக்கூடக் கடையில் சொல்லாதவர் நீங்கள். படித்துவிட்டு என் மனைவியிடம் கேட்டேன். அவள் தலாஸ் மலைப்பக்கத்துக்காரி, வழக்கமெல்லாம் தெரிந்தவள். "இதுகூடத் தெரியாமயா படம் எடுத்தீங்க? என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது.

அண்ணன் எந்தக் குரலில் சொன்னார் என்று கேட்டிருந்தீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னார் என்று நினைவு. நாள் பல ஆகிவிட்டன.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். பெட்டியில் இரண்டு வட்டுகள் வரும். முதல் வட்டில் படம், இரண்டாவதில் பேட்டிகள். முதலாவது அச்சாகிவிட்டது, இரண்டாவது இன்னும் முடியவில்லை, அதற்காகப் பெட்டி சில வாரம் தள்ளிப் போகிறது. நான் காமிராக்காரரை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணனைப் பற்றிப் பேசுங்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை, காமிராவைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லுங்கள். "தெமிர்பெக்." அவ்வளவுதான். பார்ப்பவர்கள் அழுதுவிடுவார்கள். உங்கள் மேல் உள்ள பழியெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். அவரும் இல்லை, உங்கள் கணவரும் இல்லை. யார் உங்களைக் கேட்கப்போகிறார்கள்?

தயவுசெய்து சம்மதியுங்கள்.

மார்லென்


கிசில்-தோபோ
29 மார்ச் 2008

மார்லென்,

நவ்ரூஸ் பண்டிகை முடிந்தது. உன் வட்டு பண்டிகைக்கு முன்னாலேயே கோச்கோர் சந்தைக்கு வந்துவிட்டது. பெட்டியும் இல்லை, இரண்டாவது வட்டும் இல்லை. காகித உறையில் ஒற்றை வட்டு, திருட்டுப் பதிவாம். துவைக்கிற சோப்புப் பக்கத்தில் வைத்து விற்கிறான். உன் இரண்டாவது வட்டை இங்கே எவனும் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அதில் நான் என்ன சொன்னால் என்ன?

சம்பந்தி சைரா வந்தாள், எர்மெக்குக்கு நிச்சயம் செய்த பெண் மீரிமின் அம்மா. தேநீரைத் தொடவில்லை. ரொட்டியை மட்டும் பிட்டு வாயில் வைத்தாள், அதுவும் ரொட்டியைத் தொடாமல் போனால் பாவம் என்பதற்காக.

"படத்தப் பாத்தேன் சம்பந்தி" என்றாள்.

"படந்தானே சைரா."

"படந்தான். ஆனா நெருப்பில்லாமப் பொகையுமா?"

"பேரச் சொல்லாதது என் வழக்கம். உனக்குத் தெரியாதா? நீ உன் மாமனார் பேரச் சொல்லுவியா?"

"ஐயோ, நான் சொல்வேனா! அதத்தான் நானும் சொல்றேன். படத்துல அவ மாமனார் பேரச் சொல்றா, மாமியார் பேரச் சொல்றா, தெருவுல போறவன் பேரெல்லாம் சொல்றா. இவர் ஒருத்தர் பேர மட்டும் சொல்லமாட்டேங்கிறா. அப்ப என்ன அர்த்தம்? வழக்கமா இருந்தா எல்லாருக்கும் இருக்கணும்ல?"

மறுநாள் மின்சாரம் இருந்த இரண்டு மணி நேரத்தில் நானே வட்டைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உன் நடிகை தலையில் துணியில்லாமல் நின்று மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அந்தக் கிழவரும் திரும்பிப் பார்க்கிறார்! எங்கள் ஊரில் இப்படி ஒரு மருமகள் இருந்தால் அவள் எதையும் செய்வாள் என்றுதான் நானும் நினைப்பேன். மாவு பிசையவும் அவளுக்குத் தெரியவில்லை. அவராக நடித்த பையன் நன்றாக இருந்தான், அவரைவிட அழகு. கடைசியில் நானும் அழுதேன், அந்தப் பாவி மருமகளைத் திட்டிக்கொண்டே.

காமிராக்காரரை அனுப்பாதே. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். என்னை நல்லவள் என்று காட்டிக்கொள்ளவா இதுவரை சொல்லாமல் இருந்தேன், அதே காரணத்துக்காக இப்போது சொல்வதற்கு?

கல்யாணத்தை சைரா தள்ளிவைக்கச் சொல்கிறாள். எர்மெக் சாப்பிடுவதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அவர் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. ஜன்னலார் பேச ஆரம்பித்தால் ஆட்டுக்குட்டி வளர்ந்து ஆடாகிவிடும். அதற்குப் பிறகு என்ன சொன்னார்? அவருக்கு என் மேல் மனத்தாங்கல் இருந்ததா, இல்லையா? உன் நாடாவைப் போட்டுக் கேட்டு எழுது. உடனே எழுது.

கலிச்சா


கிசில்-தோபோ
14 ஏப்ரல் 2008

மார்லென்,

பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று, நம் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற பிஷ்கெக் வண்டிக்காரரைக் கேட்டேன். உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். நீ வாசலில் நின்று பிரித்துப் படித்தாயாம்.

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார்? கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிவிடு. தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கலிச்சா


பிஷ்கெக்
6 மே 2008

கலிச்சா அக்கா,

இந்தக் கடிதத்தை ஏழெட்டு முறை எழுதிக் கிழித்தேன்.

நாடாவைப் போட்டுக் கேட்கச் சொன்னீர்கள். கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றே தெரியும். வழக்கம் தெரியாது என்று உங்களிடம் நடித்தேன். என் மனைவியிடம் கேட்டதாக எழுதியதும் பொய். அண்ணன் மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

"இந்த வீட்டுல ஒருத்தி இருக்கா. முப்பத்து நாலு வருஷமா என் பேரை ஒரு தடவகூடச் சொன்னதில்ல. என்னய்யா முழிக்கிற? ஊர்ல போய்ப் பாரு. பால்குடி மறக்காதது வரைக்கும் என்னைத் தெமிர்னுதான் கூப்பிடும். எனக்கு அம்பத்தேழு வயசு. என் தம்பிய அண்ணேங்கிறாங்க, என் தம்பிக்கு இளையவனையும் அண்ணேங்கிறாங்க. நான் மட்டும் தெமிர். படுத்துக் கெடக்கிறவனுக்கு வயசு ஏறாதுன்னு நெனப்பு. இவ கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கு, முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு எல்லாப் பெரியவங்களுக்கும் குனிஞ்சா. அப்புறம் நேரா என் முன்னால வந்து குனிஞ்சா, மூணு தடவ. எங்கம்மாவே சிரிச்சிட்டா. 'அவனுக்கு எதுக்குடி?'ன்னா. இவ சொல்றா, 'என் வீட்டுக்காரருக்கு மூத்தவர்தானே'ன்னு. எனக்கு அதுவரைக்கும் தெரியாதுய்யா, நான் ஒருத்தனுக்கு அண்ணன்னு. அப்பப்ப வம்புக்கு, ஒரு தடவ என் பேரச் சொல்லேன்னு கேப்பேன். கேட்டுட்டு உள்ளுக்குள்ள ஒதறும், சொல்லித் தொலச்சிடுவாளோன்னு. சொல்லிட்டான்னா முடிஞ்சுது, நான் மறுபடியும் தெமிர்தான். இதுவரைக்கும் சொல்லல, கெட்டிக்காரி."

பிறகு கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார்: "இத உன் படத்துல போடு. அவ பாக்கட்டும். மூத்தான் தன் வாயால தம்பி பொண்டாட்டிகிட்ட இதெல்லாம் சொல்ல முடியுமா? நல்லாவா இருக்கும்?"

"சரிண்ணே, போடறேன்" என்று என் குரல் அதில் கேட்கிறது.

முதலில் எழுதிய திரைக்கதையில் இது இருந்தது. படித்தவர்கள் எல்லாரும் தூங்கினார்கள். ஒரு நல்ல மருமகள், ஒரு நல்ல மூத்தார், இதில் என்ன கதை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நானே வெட்டிவிட்டேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய திரையில் ஒரு வாரம் ஓடி மறைந்துவிடும், கிசில்-தோபோவில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒலிநாடாவில் அந்தப் பகுதியைப் பதிந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சம்பந்தி அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்திரிகையில் என் பெயர் போட்டு உண்மையை எழுதவும் தயாராக இருக்கிறேன். முடிந்தால் என்னை மன்னியுங்கள்.

மார்லென்


கிசில்-தோபோ
19 மே 2008

மார்லென் அவர்களுக்கு,

நாடா வந்து சேர்ந்தது. மின்சாரம் இல்லை, எர்மெக் பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். கேட்டேன். அவர் இருமுகிற இருமல்கூட அப்படியே இருக்கிறது. பின்னால் நான் சட்டியைக் கழுவுகிற சத்தமும் கேட்கிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

சைராவுக்குப் போட்டுக் காட்டினேன். அழுதாள். மூன்று கிண்ணம் தேநீர் குடித்தாள். போகும்போது, "இலையுதிர் காலத்துல வச்சுக்கலாம் சம்பந்தி, ஊர் வாய் கொஞ்சம் ஓயட்டும்" என்றாள். ஊர் வாய்க்கு அடுத்த வாரமே வேறு எலும்பு கிடைக்கும். பத்திரிகையில் எழுதுவது உங்கள் விருப்பம், இங்கே பத்திரிகையில் ரொட்டி சுற்றுகிறோம்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். ஊர் முன்னால் என்னைக் கெட்டவளாக்கியதை மன்னித்துவிட்டேன். அது எளிது. இன்னொன்று இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரலில் உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். இரண்டாவது முறை எழுதியும் வரவில்லை. கெட்டதாக இருப்பதால்தான் நீங்கள் எழுதவில்லை என்று முடிவு செய்தேன். கேட்டுக் கேட்டுப் பார்த்து, நான் சொல்லாததை மனதில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார் என்று நினைத்தேன். இருபத்தைந்தாம் தேதி, மத்தியானம், மேட்டில் இருக்கும் கல்லறைக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான் பக்கத்தில் இருக்கிறார். சுற்றிலும் யாரும் இல்லை. ஆசைப்பட்டுக் கேட்டவருக்கு இதையாவது கொடுப்போம் என்று, முக்காட்டை இறக்கிவிட்டு, அவர் பெயரைச் சொன்னேன். வாய் பழகவில்லை, முதல் தடவை சரியாக வரவில்லை. அதனால் திரும்பவும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், மண்ணுக்கு அடியில் கேட்க வேண்டும் என்று.

உங்கள் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது.

கலிச்சா